ஆறாத மண்

'ரெடி டு யூஸ்' என்று அச்சடித்த மண் பையை வாங்காதீர்கள். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். இதை ஒரு ட்வீட்டில் முடித்திருக்கலாம். இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம், அந்தப் பையை நானே நான்கு முறை வாங்கியிருக்கிறேன். அதில் இல்லாத ஒன்றுக்குத்தான் ஒவ்வொரு முறையும் காசு கொடுத்தேன் என்று புரிய எனக்கு இரண்டு வருடமும் ஏழு மல்லிகைப் பதியன்களும் செலவாயின.

அம்மா தினமும் ஒரு முழம் மல்லிகை வாங்குவாள். மதுரையில் அது ஆடம்பரச் செலவு கிடையாது, பால் கணக்கு மாதிரி இன்னொரு கணக்கு. 2020 ஊரடங்கில் பூ வரத்து நின்றது. வெறுந்தலையோடு அம்மா விளக்கேற்றிய அந்த வாரத்தில், "மாடியிலேயே வளத்துத் தர்றேம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்போது எனக்கு வீட்டிலிருந்தே வேலை. காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கும் இரவு டிப்ளாய்மென்ட்டுக்கும் நடுவில் மாடித்தோட்டக் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளினேன். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்த மல்லியின் பதியன்கள் நிறைய ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்து மணலில் வேர் பிடித்து வருகின்றன என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கூட வேலை பார்ப்பவன் ஒருவன் அந்தப் பக்கத்துக்காரன். ஊரடங்கு தளர்ந்ததும் மூன்று பதியன் கொண்டுவந்து கொடுத்தான்.

மண்? அதுதான் பையில் வருகிறதே. ஆர்கானிக், நியூட்ரியன்ட் ரிச், ரெடி டு யூஸ். காணொளியில் சொன்னபடி தொட்டிக்கு இரண்டு கைப்பிடி கடலைப் புண்ணாக்கு கூடுதலாகப் போட்டேன். பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் பச்சைச் சாணியும் வாங்கிக் கலந்தேன். பத்தாவது நாள் இலை நுனிகள் கருகின. தொட்டியைக் கிளறினால் மூக்கை அரிக்கும் நெடி, நெளியும் புழுக்கள். இருபதாவது நாள் மூன்றும் போய்ச் சேர்ந்தன.

சத்து கூடிவிட்டது என்று நினைத்து, அடுத்த முறை பாதிக்குப் பாதி தேங்காய் நார்த்தூள். 'கோகோபீட்' என்று செங்கல் செங்கலாக வருகிறதே, அது. இந்த இரண்டு பதியன்களும் சாகவில்லை. வெளிறிப்போய், வளரவும் இல்லாமல் சாகவும் இல்லாமல் நான்கு மாதம் நின்றன. மூன்றாம் முறை எங்கோ வாங்கிய தொழுவுரம். அதற்குள் விரல் மொத்தத்தில் சுருண்டு கிடந்த வெள்ளைப் புழுக்கள் இரண்டு செடியின் வேரையும் தின்று தீர்த்தன.

"போகுது விடுடா, பூ வாங்கிக்கலாம்" என்றாள் அம்மா. திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

எட்டாவது பதியனுக்காக திருப்பரங்குன்றம் போகும் சாலையில் ஒரு நர்சரிக்குப் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னதும் அங்கிருந்த அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மண்ண எத்தன நாளு ஆறப் போட்டீக?"

"ஆறப் போடுறதுன்னா?"

"கொதிக்கிற சோத்த அப்படியே எடுத்துப் புள்ளைக்கு ஊட்டுவீகளா தம்பி?"

அவர் எனக்குப் பதியன் தரவில்லை. "மொதல்ல மண்ணுக்கு வழி பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிய ஒரே ஆளை அன்றுதான் பார்த்தேன்.

*

ஆறப் போடுவது என்றால் மண்ணுக்குள் என்ன நடக்கிறது? இது பாட்டி வைத்தியம் இல்லை. பள்ளிக்கூட வேதியியலே போதும்.

கடலைப் புண்ணாக்கில் ஏறக்குறைய 7 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. ஆனால் அது புரதமாக இருக்கிறது. வேர் புரதத்தைத் தின்னாது. நுண்ணுயிர்கள் அந்தப் புரதத்தை உடைக்கும்போது முதலில் வெளிவருவது அம்மோனியா. என் மூக்கை அரித்தது அதுதான். அம்மோனியா இளம் வேரைச் சுட்டுவிடும். பிறகு நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் வேருக்கு நஞ்சுதான். அதற்கும் பிறகு நைட்ரோபாக்டர் போன்ற இன்னொரு கூட்டம் வந்து அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. செடிக்கு வேண்டியது இந்தக் கடைசிப் பொருள். இந்த இரண்டாம், மூன்றாம் கூட்டங்கள் மெதுவாகப் பெருகுபவை. அவற்றுக்கு ஈரமும் காற்றும் வாரக்கணக்கில் நேரமும் வேண்டும். அந்த வாரங்களை நான் செடியின் வேர் மீது கழித்தேன். நர்சரி அக்கா சாக்குக்கு அடியில் கழிக்கச் சொன்னார். வித்தியாசம் அவ்வளவுதான்.

நார்த்தூளின் கதை இதற்கு நேரெதிர். பச்சை நார்த்தூளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நூறு பங்குக்கு மேல் கார்பன் இருக்கிறது. அதை உடைக்கப் புறப்படும் நுண்ணுயிர்களுக்குத் தங்கள் உடம்பைக் கட்ட நைட்ரஜன் வேண்டும். நார்த்தூளில் இல்லை. எனவே மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. செடிக்கு வைத்த சோற்றை அவை தின்றுவிடுகின்றன. என் பதியன்கள் நான்கு மாதம் வெளிறி நின்றது இந்தப் பட்டினியால். போதாக்குறைக்கு, சரியாகக் கழுவாத நார்த்தூளில் உப்பு இருக்கும். எங்கள் வீட்டு போர்த் தண்ணீரோ ஏற்கெனவே வாளியில் வெள்ளை படியவைக்கும் தண்ணீர்.

நார்த்தூளை மக்க வைக்க முடியாதா என்றால், முடியும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதற்கான முறையைப் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சிப்பிக்காளான் வித்தும் கொஞ்சம் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் வைத்திருந்தால், கார்பன்–நைட்ரஜன் விகிதம் நூறுக்கு மேலிருந்து இருபத்தைந்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அங்கேயும் கேட்கப்படுவது காலம்தான். செங்கல் வடிவில் அழுத்தி விற்கும்போது அந்தக் காலத்தை யாரும் உள்ளே வைத்து அழுத்துவதில்லை.

வெள்ளைப் புழு விவகாரமும் இதேதான். அரைகுறையாக மக்கிய எருக்குவியலில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். சூடேறி, புரட்டப்பட்டு, மறுபடி சூடேறி, முழுசாக மக்கிய குப்பை அதன் குஞ்சுக்குத் தோதுப்படாது.

மூன்று தோல்விகளுக்கும் காரணம் ஒன்றே. பையில் எல்லாப் பொருளும் இருந்தன. அவை ஒன்றோடொன்று பழகுவதற்கான நாட்கள் இல்லை. ஒரு பொருள் கெட்டது, இன்னொரு பொருள் நல்லது என்று நான் ஒவ்வொரு முறையும் பொருளையே மாற்றிக்கொண்டிருந்தேன்.

*

எங்கள் அப்பத்தா பேரையூர்ப் பக்கத்துக்காரர். இந்த மூன்று சாவுகளையும் போனில் கேட்டபோது அவர் மல்லிகைக்காக வருத்தப்படவில்லை. "பச்ச எருவப் போய் யாராச்சும் போடுவாகளா? படிச்ச புள்ளதானடா நீ" என்றார்.

அப்பத்தாவின் பேச்சில் குப்பை என்ற சொல் எனக்கு எப்போதும் விளங்கியதில்லை. "அந்த வருசம் பத்து வண்டி குப்பை அடிச்சோம், வெள்ளாமைன்னா வெள்ளாமை" என்பார். ஊரில் குப்பை என்றால் எரு. மாட்டுச் சாணி, அடுப்புச் சாம்பல், கூளம், ஆட்டுப் புழுக்கை, வீடு கூட்டிய தூசி எல்லாம் குழியில் விழும். வருடம் முழுக்கக் கிடக்கும். கோடையில் வண்டி கட்டிக் காட்டுக்குப் போகும். குப்பை என்பது ஒரு சொத்து. குப்பைக்குழியின் அளவை வைத்துக் குடும்பத்தின் வசதியை மதிப்பிட்ட காலம் உண்டு. அதே சொல் மதுரைக்குள் வந்ததும் வெளியே எறிய வேண்டியது என்று பொருள் மாறிவிட்டது. ஊருக்கும் நகரத்துக்கும் இடையில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் ஒரு சொல் தலைகீழாகிவிட்டது.

குப்பை மட்டும் இல்லை. கோடையில் கண்மாய் வற்றியதும் கரம்பை வெட்டி வயலுக்கு அடிப்பார்கள். மழை அடித்துக்கொண்டு போன மேல்மண் கண்மாயில் தங்கி, வருடக்கணக்கில் ஊறிக் கிடந்த வண்டல் அது. கண்மாய்க்குத் தூர்வாரியது போலவும் ஆயிற்று, காட்டுக்குச் சத்துப் போட்டது போலவும் ஆயிற்று. அறுவடை முடிந்த வயலில் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவார்கள். இவை எல்லாம் நடக்கும் காலத்தைப் பாருங்கள். தை, மாசி அறுவடைக்குப் பிறகு, ஆடி விதைப்புக்கு முன்பு. போட்ட எரு வெயிலில் காய்ந்து, கோடை மழையில் நனைந்து, உழவில் புரண்டு, ஆறுவதற்கு நான்கைந்து மாதம் கிடைக்கும். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம் என்கிறது பழமொழி. ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

வள்ளுவர் உழவு அதிகாரத்தில் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார். ஏர் ஓட்டுவதைவிட எருவிடுவது நல்லது என்று ஒரு குறள். அதற்கு முந்தைய குறளில், ஒரு பலம் புழுதி கால் பலமாகும் அளவுக்கு உழுது காயவிட்டால் பிடி எருவும் வேண்டாம் என்கிறார். மண்ணைச் சும்மா கிடக்க விடுவதும் ஒரு வேலை என்று தெரிந்த ஆள்.

இது தமிழனுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று மார்தட்டவும் இடமில்லை. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1924-லிருந்து 1931 வரை இந்தூரில் ஒரு ஆய்வு நிறுவனத்தை நடத்தினார். இந்திய உழவர்களையும் பயிர்ப் பூச்சிகளையும் தன் பேராசிரியர்கள் என்று சொன்னவர். சீன உழவர்களின் மக்கு முறைகளையும் படித்தவர். பண்ணைக் கழிவை அடுக்கி, நனைத்து, குறித்த நாட்களில் புரட்டி, மூன்று மாதத்தில் உரமாக்கும் 'இந்தூர் முறை' அங்கேதான் உருவானது. 1931-ல் வெளிவந்த அந்த நூலில் ஹோவர்டோடு யஷ்வந்த் வாட் என்ற இந்தியரின் பெயரும் இருக்கிறது. இன்று உலகமெங்கும் இயற்கை வேளாண்மைக்காரர்கள் ஹோவர்டைத் தாத்தா என்கிறார்கள். அந்தத் தாத்தாவின் முறையில் முக்கியமான மூலப்பொருள் 90 நாள். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பையில் கட்டி, அவருடைய 'ஆர்கானிக்' என்ற சொத்தை மட்டும் மேலே அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்.

*

இனி சண்டைக்கு வருகிறேன். எதிரே மூன்று தரப்பு இருக்கிறது.

முதல் தரப்பு, பை விற்பவர்கள். இவர்களிடம் எனக்கு இருப்பது ஒரு இன்ஜினியரின் கோபம். மாநகரக் கழிவிலிருந்து செய்யும் உரத்துக்கு மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வரையறை இருக்கிறது. கார்பன்–நைட்ரஜன் விகிதம் 20-க்குக் கீழே, மின் கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போகக் கூடாது, பி.எச். 6.5-க்கும் 7.5-க்கும் நடுவில். மக்கியதா, உப்பு இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எண்ணில் பதில் சொல்ல வேண்டும். நான் வாங்கிய நான்கு பைகளில் ஒன்றில்கூட இப்படி ஒரு எண் கிடையாது. எத்தனை நாள் மக்கியது என்று ஒரு வரி கிடையாது. பச்சை இலைப் படமும் எடையும் விலையும் இருந்தன. ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் எழுதியிருக்கும் விவரம்கூட இல்லாத பொருளை, இயற்கை என்ற ஒரே சொல்லை நம்பி வாங்கினேன். ஏமாற்றினார்கள் என்று சொல்லவில்லை. கேட்காமல் வாங்கியவன் நான்.

நார்த்தூளின் பச்சைச் சாயத்தையும் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டும். நம் மாடிக்கு உப்பில்லாத நார்த்தூள் வருவதற்காக எங்கோ யாரோ அதைக் கழுவுகிறார்கள். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? நிலத்தடி நீர் கெடுகிறது என்று புகார்கள் குவிந்த பிறகு, 2021-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை 'வெள்ளை' வகையிலிருந்து 'ஆரஞ்சு' வகைக்கு மாற்றியது. நார்த்தூளே கூடாது என்பதில்லை. மாடியில் எடை ஒரு நிஜமான பிரச்சினை. நனைந்த மண் நிறைந்த பெரிய தொட்டி ஒன்று ஆள் எடை இருக்கும். மக்க வைத்த நார்த்தூள் அதில் ஒரு பங்கு இருந்தால் நல்லதுதான். ஆனால் மண்ணே வேண்டாம், நார்த்தூளே மண் என்று விற்பது வேறு.

இரண்டாம் தரப்பு, நம் ஆட்கள். இயற்கை ஆர்வலர்கள். நம்மாழ்வார் பெயரைச் சொல்லித் தொடங்காத காணொளி அபூர்வம். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை பார்த்து, அந்த ஆராய்ச்சியால் ஏழை உழவனுக்குப் பயனில்லை என்று கண்டு, 1969-ல் வேலையை உதறிவிட்டு வந்தவர் அவர். கேள்வி கேட்டு வெளியே வந்தவரின் பெயரை, கேள்வியே கேட்காமலிருக்கப் பயன்படுத்துகிறோம். "நாட்டு மாட்டுச் சாணி, ஒண்ணும் செய்யாது" என்று ஒருவர் எனக்குச் சொன்னார். பச்சைச் சாணி எந்த மாட்டினுடையது என்று வேர் விசாரிக்காது. அம்மோனியாவுக்கு நாடு, சீமை என்று பேதமில்லை. பஞ்சகவ்யம் தெளியுங்கள், மீன் அமிலம் ஊற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறாத மண்ணில் எதை ஊற்றினாலும் அது கொதிக்கிற உலையில் இன்னொரு விறகு. ரசாயன உரக்காரர்களிடம் நாம் கண்ட குற்றம், எதையாவது வாங்கி ஊற்றினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. அதே நம்பிக்கையை நாம் பாட்டிலை மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் தரப்புதான் எனக்கு மிகவும் நெருக்கமானது. என் நண்பன். "மாப்ள, உனக்கு நேரம் இருக்கு, நீ மண்ணப் புரட்டு. எனக்கு ரெண்டு புள்ளைங்க, யு.எஸ். ஷிஃப்ட்" என்றான். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பது நாள் மண் ஆறுவதில் என் கை படுகிற நேரம், கலக்கும் அன்று ஒரு மணி நேரம், பிறகு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம். மொத்தம் இரண்டு மணி நேரம்கூட வராது. மீதி முப்பத்தொன்பது நாளும் இருபத்துச் சொச்சம் மணி நேரமும் வேலை செய்வது நுண்ணுயிர்கள். நமக்கு இல்லாதது நேரம் இல்லை. வேலை நடக்கிறது, ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்ற நிலையைத் தாங்கும் பழக்கம் இல்லை. ஆர்டர் போட்டால் வண்டி எங்கே வருகிறது என்று வரைபடத்தில் பார்த்தே பழகிவிட்டோம். சாக்குக்கு அடியில் வரைபடம் கிடையாது.

*

சரி, என்னதான் செய்ய வேண்டும்? நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். இது என் மாடிக்கு ஒத்துவந்த கணக்கு. உங்கள் மண்ணுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே மாறும்.

முதலில், புது மண் வாங்குவதை நிறுத்துங்கள். செம்மண் எங்கிருந்தோ லாரியில் வருகிறது. அந்த எங்கோ ஒருவருடைய மேட்டுநிலமாகவோ ஒரு குன்றின் அடிவாரமாகவோ இருக்கும். மண்ணைக் காப்பாற்றத் தோட்டம் போடுகிறேன் என்று சொல்லி ஒரு குன்றைத் தொட்டிக்குள் கொண்டுவருவதில் அர்த்தமில்லை. செடி செத்த தொட்டியின் மண் செத்துவிடவில்லை. அதைக் கொட்டாதீர்கள். என் தொட்டிகளில் இன்று இருப்பதில் பெரும்பங்கு அந்த ஏழு பதியன்களைக் கொன்ற அதே மண்தான்.

பழைய மண்ணில் பூஞ்சையோ நூற்புழுவோ இருக்கும் என்ற பயம் நியாயமானது. அதற்கு மதுரை வெயில் போதும். கத்திரி தொடங்கும்போது மண்ணை மாடியில் அரையடி கனத்துக்குப் பரப்பி, நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் கல் வைத்து அடைத்துவிடுங்கள். நான்கு வாரம். உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். நோய்க் கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். வருடத்துக்கு ஒருமுறை நம் ஊர் வெயிலைத் திட்டாமல் இருப்பதற்குக் கிடைக்கும் காரணம் இது.

அடுத்து குப்பை. எங்கள் வீட்டு அடுப்படிக் கழிவை ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தேன். நாளுக்கு முக்கால் கிலோவுக்குக் குறையவில்லை. ஓட்டை போட்ட இரண்டு டிரம் போதும். ஒரு கை காய்கறிக் கழிவுக்கு இரண்டு கை சருகு. வேப்பஞ்சருகும் புங்கஞ்சருகும் தெருவிலேயே கொளுத்தப்படக் காத்துக் கிடக்கின்றன. ஒரு டிரம் நிறைந்ததும் மூடிவைத்து அடுத்ததைத் தொடங்கினால், இரண்டாவது நிறைவதற்குள் முதலாவது கறுத்துப் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். ஈரம் கூடி நாற்றமடித்தால் சருகு போடுங்கள். காய்ந்து அப்படியே கிடந்தால் தண்ணீர் தெளியுங்கள். வேறு சாஸ்திரம் இல்லை.

பிறகு கலவை. கொத்தனார் வேலைக்குப் பிடிக்கும் சட்டியால் அளக்கிறேன். பழைய மண் நான்கு சட்டி, சலித்த குப்பை இரண்டு, மக்கிய நார்த்தூள் ஒன்று, உமிக்கரி ஒன்று. இதற்கு வேப்பம் புண்ணாக்கு கால் கிலோ, எலும்புத்தூள் 200 கிராம். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சாம்பல் வேண்டாம், அது காரத்தை இன்னும் கூட்டும். உங்களுடையது திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலாக இருந்தால் உமிக்கரியைக் கூட்டுங்கள், இல்லையென்றால் காயும்போது தொட்டியோடு வெடிப்பு விடும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணாக இருந்தால் குப்பையைக் கூட்டுங்கள், அது தண்ணீரைப் பிடித்து வைக்காது.

தண்ணீர் தெளித்துப் பிசிறும்போது புட்டு மாவுப் பதம் வர வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். நிழலில் குவித்து, நனைத்த சணல் சாக்கால் மூடிவிடுங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடாதீர்கள், மூச்சு முட்டும். மூன்றாம் நாள் உள்ளே கைவிட்டால் வெதுவெதுப்பு தெரியும். அதுதான் நீங்கள் செடியின் வேர் மீது வைக்கவிருந்த சூடு. வாரம் ஒருமுறை புரட்டி, காய்ந்திருந்தால் தெளித்து, மறுபடி மூடுங்கள். முப்பது நாளில் அடங்கலாம், நாற்பத்தைந்து நாள் ஆகலாம்.

ஆறிவிட்டதா என்று காலண்டர் சொல்லாது. மூன்று சோதனை. உள்ளே விட்ட கைக்கு வெளிக் காற்றைவிடச் சூடு தெரியக் கூடாது. முகர்ந்தால் நெடி போய், முதல் மழைக்குத் தரை விடும் வாசனை வர வேண்டும். அது ஆக்டினோமைசீட்ஸ் வகை நுண்ணுயிர்கள் குடியேறிவிட்டதற்கு அடையாளம். மூன்றாவதாக, ஒரு கிண்ணம் மண்ணில் பத்து வெந்தயம் போடுங்கள். ஒன்பதாவது முளைத்து, வேர் வெள்ளையாக இறங்கினால் மண் தயார். நுனி கருகினால் இன்னும் பத்து நாள். வேலையில் டெஸ்ட் பாஸாகாத கோடை யாரும் புரொடக்‌ஷனுக்கு அனுப்புவதில்லை. ஏழு பதியன்களை நான் டெஸ்ட்டே இல்லாமல் அனுப்பினேன்.

*

இதெல்லாம் ஒரு மாடிக்காரனின் பொழுதுபோக்கு, இதற்கு இவ்வளவு ஆவேசமா என்று கேட்கலாம். கேட்பவர்கள் ஒருமுறை அவனியாபுரம் தாண்டி வெள்ளக்கல் பக்கம் போய்வர வேண்டும். மதுரையின் குப்பை போய்ச் சேரும் இடம் அது. நம் ஊர்க் குப்பையில் ஏறக்குறையப் பாதி, மக்கக்கூடிய ஈரக் கழிவு. வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்று 2016-லேயே திடக்கழிவு விதிகள் சொல்லிவிட்டன. பிரிக்காமல் கட்டிக் கொடுத்த பையில் வாழைப்பூத் தோலும் டயப்பரும் ஒன்றாக அழுகுகின்றன. காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது, கறுப்புச் சாறு வடிகிறது. அந்த வாடையில் சாப்பிட்டு, அந்த வாடையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அவர்கள் யாரும் நம் குப்பையைக் கேட்கவில்லை.

நடப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். நம் அடுப்படியிலிருந்து நைட்ரஜனும் பொட்டாசியமும் லாரி ஏறி வெள்ளக்கல்லுக்குப் போகின்றன. அதே நைட்ரஜனும் பொட்டாசியமும் எங்கிருந்தோ பிளாஸ்டிக் பையில் கூரியர் ஏறி நம் மாடிக்கு வருகின்றன. இரண்டு வண்டிக்கும் நாமே காசு கொடுக்கிறோம். நடுவில் இருக்க வேண்டிய நாற்பது நாளைச் செய்ய ஆளில்லை. செய்யாமல் விட்ட அந்த நாற்பது நாள் மாயமாகிவிடவில்லை. ஒரு பகுதி வெள்ளக்கல்லில் புகைகிறது. ஒரு பகுதி நார்த்தூள் கழுவிய தண்ணீராக யாருடைய கிணற்றிலோ இறங்குகிறது. மிச்சம் நம் தொட்டியில் வேரைச் சுடுகிறது.

என் அலுவலகம் இருக்கும் இடத்தின் பெயர் இலந்தைக்குளம். உயர்நீதிமன்றக் கிளை இருக்கும் இடம் உலகனேரி. குளமும் ஏரியும் பெயரில் மட்டும் தங்கிவிட்ட ஊரில், கரம்பை வெட்டிக் காட்டுக்கு அடிக்கும் சுற்று எப்போதோ அறுந்துவிட்டது. விவசாயிகள் கண்மாய் வண்டல் எடுக்க இப்போது தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று 2024-ல் அரசு எளிதாக்கியது நல்ல விஷயம். ஆனால் நகரத்தான் செய்யக்கூடியது அவன் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. நூறு வார்டுக்கும் ஒரே நாளில் தீர்வு வராது. ஒரு வீட்டுக்கு இரண்டு டிரம்மும் ஒரு சாக்கும் வரலாம்.

எட்டாவது பதியனை அந்த அக்காவிடமே வாங்கினேன். மண்ணை ஒரு கவரில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பிடித்துப் பார்த்தார், உதிர்த்துப் பார்த்தார், முகர்ந்தார். "ம்ம்" என்றார். அதற்கு மேல் சான்றிதழ் எதுவும் தரவில்லை, பதியனைக் கொடுத்தார். அது இப்போது நான்கு தொட்டியாகிவிட்டது. சித்திரை, வைகாசியில் சில நாள் ஒரு முழம் தேறுகிறது, பல நாள் தேறாது. தேறாத நாளில் அம்மா வாசலில் பூக்காரரிடம் வாங்கிக்கொள்கிறாள்.

போன மாதம் அந்த யு.எஸ். ஷிஃப்ட் நண்பன் வந்தான். செடிகளைப் பார்த்துவிட்டு, "மாப்ள, எனக்கு ஒரு மூட்ட மண்ணு குடுடா" என்றான். கொடுக்கவில்லை. காலியாக இருந்த ஒரு டிரம்மையும் பாதி மூட்டை வேப்பஞ்சருகையும் அவன் வண்டியில் ஏற்றிவிட்டேன். திட்டிக்கொண்டே போனான். பதினைந்து நாள் கழித்து இரவு ஒன்றரை மணிக்கு, ஷிஃப்டுக்கு நடுவில், ஒரு மெசேஜ் வந்தது: "உள்ள கை வச்சுப் பாத்தேன்டா, சுடுது. கெட்டுப்போச்சா?"

கெட்டுப்போகவில்லை, மூடி வை என்று பதில் போட்டேன்.